கிட்டத்தான்

இலங்கையில் எரிமலை கிடையாது. இந்தத் தீவின் பாறைகளில் பெரும்பாலானவை 50 கோடி வருசத்துக்கு மேல் மூத்தவை. குமுறுகிற வயதை அவை எப்பவோ தாண்டிவிட்டன. எங்கள் அம்பாறை மாவட்டத்து மகா ஓயாவில் வெந்நீர் ஊற்று இருக்கிறதே என்று கேட்பீர்கள். அதுவும் எரிமலைச் சமாச்சாரம் இல்லை. வெடிப்பு வழியே ஆழத்துக்குப் போன தண்ணீர் பூமியின் உள்சூட்டில் காய்ந்து மேலே வருகிறது, அவ்வளவுதான். ஆகவே ஆலையடிவேம்பான் ஒருவன் எரிமலையைக் கிட்ட நின்று பார்க்க வேண்டுமென்றால் ஒன்று கடல் தாண்ட வேண்டும், அல்லது கலியாணம் முடிக்க வேண்டும். நான் இரண்டையும் செய்தேன்.

கடல் தாண்டுகிற யோசனை மனைவியுடையது. அக்கரைப்பற்று பஸ் நிலையத்தில் அறுகம்பைக்குப் போகிற வெள்ளைக்காரச் சோடிகளைப் பார்த்தே வளர்ந்தவள். நத்தை மாதிரி முதுகில் வீட்டைச் சுமந்துகொண்டு, வெயிலில் இறால் நிறமாகி, சண்டை பிடித்தபடி பொத்துவில் பஸ் தேடுவார்கள். "நாமளும் இப்பிடி ஒருக்காப் போகணும்" என்றாள். எங்கள் பக்கத்து வழக்கப்படி வீடு பெண்ணுக்குச் சீதனமாக வருவது. வீடும் அவளுடையது, தீர்மானமும் அவளுடையது. 2018 மாசியில் பாலித் தீவு, பாத்தூர் எரிமலை என்று முடிவானது. "தூரமா?" என்று மாமி கேட்டா. "கிட்டத்தான் மாமி" என்றேன். அந்த ஒரு சொல்லுக்காக நான் இன்னும் தண்டம் கட்டிக்கொண்டிருக்கிறேன்.

ஆனால் அந்தச் சொல்லைக் கண்டுபிடித்தவன் நானில்லை. அதற்கு உரிமைக்காரன் சிலப்பதிகாரத்துக் கோவலன்.

தமிழில் பேக் தூக்கிப் புறப்பட்ட முதல் சோடி கோவலனும் கண்ணகியும்தான். ஆளிடம் காசு இல்லை. இருந்ததெல்லாம் மாதவி வீட்டில் கரைந்துவிட்டது. வீட்டுக்கு வந்து வெட்கப்பட்டு நிற்கிறான். இவள் ஒரு சொல்லும் திட்டாமல் "சிலம்பு இருக்கு, எடுங்க" என்கிறாள். (அங்கேயே நாலு ஏச்சு ஏசியிருந்தால் மதுரை தப்பியிருக்கும் என்பது என் கட்சி.) விடியுமுன், அக்கம்பக்கம் அறியாமல், பெற்றவர்களுக்கும் சொல்லாமல் புறப்பட்டார்கள். கையில் அட்டை இல்லை, தங்க இடம் பேசவில்லை, திரும்பி வர டிக்கட் இல்லை. பயணச் செலவு முழுக்க அவளுடைய காலில்.

ஊரெல்லை தாண்டிக் கொஞ்சத் தூரம் போகவில்லை, மாளிகையில் வளர்ந்த பிள்ளை மூச்சு வாங்கிக்கொண்டு மதுரை எங்கே இருக்கிறது என்று கேட்கிறாள். முப்பது காதம், கிட்டத்தான் என்கிறான் புருசன். தமிழ் இலக்கியத்தில் ஒரு புருசன் பொஞ்சாதிக்குச் சொன்ன மிகப் பெரிய பொய் எது என்று சோதனையில் கேள்வி வந்தால் பிள்ளைகள் மாதவி பக்கத்தில் தேடுவார்கள். விடை இங்கே கிடக்கிறது.

வழியில் கவுந்தியடிகள் சேர்ந்துகொண்டார். தேனிலவுக்குக் கூட வந்த பெரியம்மா என்று வைத்துக்கொள்ளுங்கள். எறும்பை மிதிக்காமல் பார்த்து நடக்கச் சொல்லுகிற சமணத் துறவி. ஆனால் அவரைக் குறைத்துப் பேசமாட்டேன். வழியில் இரண்டு பேர் இவர்களைப் பார்த்து யார் எவர் என்று நக்கலாய்க் கேட்டபோது, அம்மா ஒரே சாபத்தில் இரண்டு பேரையும் நரியாக்கிவிட்டார். கண்ணகியும் கோவலனும் கெஞ்சின பிறகே அதை ஒரு வருசத் தண்டனையாகக் குறைத்தார். பாலிக்குப் போகும் முதல் நாள் கொழும்பில் ஒரு விடுதிக்காரர் எங்களை மேலும் கீழும் பார்த்து, "கலியாண சேட்டிபிக்கட் இருக்கா?" என்று கேட்டபோது கவுந்தியடிகளை நான் மிகவும் தேடினேன். அந்த விடுதி வாசலில் ஒரு நரி கட்டிக் கிடந்தால் எவ்வளவு பொருத்தமாக இருந்திருக்கும்.

மதுரையில் நடந்தது உங்களுக்குத் தெரியும். ஒரு பொற்கொல்லன், ஒரு விசாரணையில்லாத தீர்ப்பு, ஒரு கொலை. சிலம்பை உடைத்தால் மாணிக்கம். அரசியின் சிலம்பில் இருந்ததோ முத்து. அரசன் விழுந்தான், அரசியும் போனாள். மிச்சத்தை நெருப்பு பார்த்துக்கொண்டது. இதிலும் அவளுடைய நிதானத்தைப் பாருங்கள். முதியவர், குழந்தை, பசு, பத்தினி, பார்ப்பார் எல்லாரையும் விட்டுவிடு என்று தீக்கு நிபந்தனை வைத்துத்தான் எரித்தாள். பட்டியல் கையில் வைத்துக்கொண்டு வெடித்த எரிமலை உலகத்தில் வேறு இல்லை. பிறகு தனியே மேற்கே நடந்து சேரநாட்டு மலையில் ஏறி, வேங்கை மரத்தடியில் நின்றாள். பதினாலாம் நாள் கோவலன் வந்தான், வானத்திலிருந்து, வாகனத்தில். மலை ஏறின களை அவளுக்கு. ஆளுக்கு ஒரு துளி வேர்வை இல்லை.

சேரன் செங்குட்டுவன் அவளுக்குக் கல் நட்டபோது இலங்கை வேந்தன் கயவாகுவும் பக்கத்தில் நின்றதாகச் சிலப்பதிகாரம் சொல்லுகிறது. அப்படித்தான் எரிமலை இல்லாத தீவுக்கு ஒன்று வந்து சேர்ந்தது. எங்களுக்குத் தெற்கே தம்பிலுவில்லில் அவளுக்குக் கோயில். வைகாசி பிறந்தால் கதவு திறந்து, குளிர்த்தி பாடி அவளை ஆற்றுவார்கள். மதுரையை எரித்துவிட்டு வந்தவளை ஆய்ச்சியர் தயிரும் வெண்ணெயுமாய்க் குளிர வைத்தார்கள் என்பது எங்கள் பக்கத்துக் கதை. நெருப்பை அணைக்கப் பால் பண்ணைக்கு ஆள் அனுப்பிய முதல் சமூகம் நாங்கள்தான்.

அதோடு விட்டோமா? கொம்பு முறிக்கவும் பழகினோம். ஊரே இரண்டாகப் பிரியும். வடசேரி கோவலன் பக்கம், தென்சேரி கண்ணகி பக்கம். வளைந்த இரண்டு கொம்பைக் கொளுவி வடம் கட்டி இழுப்பார்கள், எது முறிகிறதோ அந்தப் பக்கம் தோல்வி. தோற்றவர்களுக்குக் கிடைக்கிற நையாண்டிப் பாட்டை எழுத்தில் போட ஏலாது. ஒரு குடும்பச் சண்டைக்கு இத்தனை நூற்றாண்டு கழித்தும் ஊர் கூடி வடம் பிடிக்கிற நாட்டில், எங்கள் சண்டைக்குப் பக்கத்து வீட்டார் மதிலால் எட்டிப் பார்ப்பதை நான் ஒரு நாளும் குறையாகச் சொன்னதில்லை.

நாங்கள் தேடிப் போகாவிட்டாலும் எரிமலை தேடி வரும். 1883 ஓகஸ்ட் 27 காலையில் சுந்தா நீரிணையில் கிரக்கத்தோவா வெடித்தது. ஜாவா, சுமாத்திராக் கரைகளில் 36,000 பேருக்கு மேல் போய்ச் சேர்ந்தார்கள். சத்தம் இலங்கை வரைக்கும் கேட்டது. அலை ஏறக்குறைய 3,000 கிலோமீட்டர் கடந்து எங்கள் கரைக்கும் வந்தது. பொத்துவிலுக்குத் தெற்கே பாணமையில் கழிமுகத்தைக் கடந்துகொண்டிருந்த பெண்களை அது அடித்தது, ஒருத்தி செத்துப்போனாள். எரிமலை என்ற ஒன்று உலகத்தில் இருப்பதே அவளுக்குத் தெரிந்திருக்குமோ என்னமோ. இந்தக் கதையில் சிரிக்க ஒன்றும் இல்லை. விமானத்தில் ஏறுமுன் இதை நான் மனைவிக்குச் சொல்லவுமில்லை.

பாத்தூர் 1,717 மீற்றர். நம்முடைய சிவனொளிபாத மலை அதைவிட 500 மீற்றருக்கு மேல் உயரம். அதனால் நான் கொஞ்சம் இளக்காரமாகத்தான் போனேன். வழிகாட்டி இல்லாமல் ஏற விடமாட்டார்கள். எங்களுக்கு வாய்த்தவர் ஒரு பொடியன், காலில் றப்பர் செருப்பு, வாயில் சிகரட். விடியப்புறம் நாலு மணிக்கு இருட்டில் புறப்பட்டோம். டோர்ச்சுக்குப் பொறுப்பு நான். அரை மணித்தியாலத்தில் ஒன்று மங்கிச் செத்தது. மற்றதும் மங்கத் தொடங்கியபோது மனைவி என்னைப் பார்த்தாள் என்று நினைக்கிறேன். இருட்டில் தெரியவில்லை, ஆனால் சூடு தெரிந்தது.

மேலே போகப் போகப் பாதை முழுக்கக் கருங்கல் பொடி. ஒரு அடி வைத்தால் அரை அடி சறுக்கி வரும். சின்ன பேக்கில் தண்ணியும், மாமி பாலிவரைக்கும் கட்டிக் கொடுத்துவிட்ட பயத்தம் உருண்டையும் பொரித்த கருவாடும். பேக் அவளிடம். என்னிடம் இருந்தது முழங்கால் நோ.

"இன்னும் எவ்வளவு?" என்று பொடியனிடம் கேட்டாள்.

"டெக்காட்" என்றான். இந்தோனேசிய மொழியில் கிட்டத்தான் என்று அர்த்தம்.

பத்து நிமிசத்துக்குப் பிறகு என்னிடம் கேட்டாள். நானும் கோவலன் வம்சம். "கிட்டத்தான் புள்ள."

"இஞ்ச பாருங்க," என்றாள், நின்று, பேக்கைக் கீழே வைத்து. "இன்னொருக்கா அந்தச் சொல்லச் சொன்னீங்க எண்டா நான் உங்கள இதுக்குள்ள தள்ளிப்போட்டுப் போவன்."

பொடியனுக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் சிகரட்டை அணைத்தான்.

உச்சியில் விடிந்தது. கீழே பாத்தூர் ஏரி, எதிரே அபாங், அதற்குப் பின்னால் புகைந்துகொண்டிருந்த ஆகுங், கடலுக்கு அப்பால் லொம்பொக்கின் ரிஞ்சானி. எரிமலை ஆவி வருகிற பொந்துக்குள் முட்டையை வைத்து அவித்துத் தந்தான் பொடியன். அந்த ஏரிக்கு ஒரு அம்மன், தேவி தானு, பாலியின் வயலுக்கெல்லாம் தண்ணி விடுகிறவள். அவளுடைய கோயில் முன்பு எரிமலை அடிவாரத்தில் இருந்தது. 1926இல் நெருப்புக் குழம்பு ஊரோடு சேர்த்து அதையும் விழுங்க, சனம் அம்மனைத் தூக்கிக்கொண்டு மேலே குன்று விளிம்பில் குடியேறியது. ஒருத்தி எரிக்க, ஊர் அவளைச் சுமந்துகொண்டு போகிறது. இது எங்கேயோ கேட்ட கதை என்று மனைவியிடம் சொல்லத் திரும்பினேன். ஒரு குரங்கு கருவாட்டுப் பொதியோடு பாறையில் ஏறி உட்கார்ந்திருந்தது. அதைக் காவல் காக்க விட்டது என்னைத்தான்.

இறங்கி வரும்வரை ஒரு சொல் பேசவில்லை. அடிவாரத்தில் தயிர் தேடினேன், கிடைக்கவில்லை. ஐஸ் போட்ட இளநீர் இருந்தது. இரண்டு கையாலும் நீட்டினேன். பாதி குடித்தாள். முகம் கொஞ்சம் ஆறினது.

"அடுத்த முறை கதிர்காமத்துக்கு நடப்பம்," என்றாள். "உகந்தை, குமண, யால எல்லாம் காட்டு வழியா. பேக் நீங்க தூக்கணும்."

"எவ்வளவு தூரம்?" என்றேன்.

மிச்ச இளநீரைக் குடித்து முடித்துவிட்டுத்தான் பதில் சொன்னாள்.

"கிட்டத்தான்."