ஊவாவில் ஐலசா: ஒரு நெய்தற்றிணைத் துணிபு

ஊவா மாகாணத்துக்குக் கடற்கரை கிடையாது. பதுளை மாவட்டத்தையும் மொனராகலை மாவட்டத்தையும் எந்தப் பக்கமாகச் சுற்றிவந்தாலும் உப்புத்தண்ணீர் காலில் படாது. ஆகவே கடற்பாட்டைச் சுவைக்க இதனினும் தகுந்த நிலம் இல்லை என்பது இக்கட்டுரையின் துணிபு. என்னை? கரையில் இருப்பவர் காதில் பாட்டோடு மீன்விலையும் சேர்ந்தே விழும். மலையில் பாட்டு மட்டும் விழும். அன்றியும், திணை மயங்கலாம், நிலம் மயங்கலாகாது என்றார் தொல்காப்பியர். கடலை ஹப்புத்தளைக்கு ஏற்றிவர ஒருவராலும் ஆகாது. பாட்டையோ லொறியில் ஏற்றலாம். தேயிலை எத்திணைக்குக் கருப்பொருள் என்று அவர் சொல்லாமல் விட்டது பின்னால் வரும் நமக்குப் பிழைப்பு வேண்டும் என்ற கருணையினால் என்க.

கடற்பாட்டாவது, ஒருவர் அடியெடுக்க, மற்றவர் ஒரே சொல்லால் அதை வாங்கி, அச்சொல் விழும் கணத்தில் எல்லாக் கைகளும் சேர்ந்து இழுப்பது. கரைவலைக்காரரின் அம்பாப் பாட்டும் பாய்மரக் கப்பலில் வெள்ளைக்கார மாலுமிகள் பாடிய ஷாண்டியும் இவ்வகையில் ஒருதாய் மக்கள். தாலாட்டு இதில் சேராது. இனி ஐலசா. சேற்றில் புதைந்த லொறியைத் தோட்டத்தார் தள்ளும்போது எழும் இச்சொல்லைப் பொருளற்ற ஒலி என்று சொல்லி நகர்வாருளர். ஆய்வாளனுக்குப் பொருளற்ற சொல்லைவிடப் பெரிய சொத்து வேறில்லை. 'ஐந்து அலை சாய்ந்தது' என்பதன் சுருக்கம் என்பர் ஒரு சாரார். 'ஐயா, லேசா!' என்று கங்காணியிடம் இரந்ததன் திரிபு என்பர் மறுசாரார். இவர் தோட்டத்தில் ஒரு நாளாவது நின்றிருக்கக்கூடும். முன்னதற்கு ஆதாரம், பெயர் தெரியாத ஒருவரின் மாணாக்கர் எழுத நினைத்து எழுதாமல் விட்ட உரையின், காணாமற்போன மூன்றாம் ஏட்டின் இடது விளிம்பு. அவ்விளிம்பைக் கறையான் தின்றிருப்பது கருத்துக்கு வலுவே சேர்க்கிறது. இதனினும் மெலிந்த சான்றுக்குக் கலாநிதிப் பட்டங்கள் வழங்கப்பட்டுள்ளன.

தேயிலைக்கும் மாலுமிக்கும் என்ன உறவு எனின், கூறுதும். 2021 இல் உலகெங்கும் கைபேசிகளில் பரவிய 'வெல்லர்மேன்' என்னும் நியூசிலாந்துப் பாட்டில், திமிங்கில வேட்டைக்காரர் சீனியும் தேயிலையும் ரம்மும் வரும் என்றே காத்துக்கிடக்கின்றனர். வெல்லர் சகோதரர் ஒட்டாகோவில் நிலையம் அமைத்தது 1831. ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் தேயிலைத் தோட்டம் போட்டது 1867. எனவே அது இலங்கைத் தேயிலை அன்று எனின், அற்றன்று. முப்பத்தாறு ஆண்டு முன்கூட்டியே காத்திருந்ததால்தான் பாட்டில் அவ்வளவு ஏக்கம். மேலும், ஹப்புத்தளைத் தம்பேத்தன்னைத் தோட்டத்தின் உரிமையாளர் தோமஸ் லிப்டன், 1899 முதல் 1930 வரை ஐந்து முறை 'ஷம்ராக்' பாய்ப்படகுகளை அமெரிக்கக் கிண்ணப் போட்டிக்கு விட்டு ஐந்து முறையும் தோற்றார். பணம் இருந்தது, பாய் இருந்தது, காற்றும் இருந்தது. லயத்திலிருந்து நாலு பேரை ஐலசா போட அழைத்துப் போகாததே குறை. கொழுந்து பறிப்போர் இடுப்பில் கட்டும் படங்கு பாய்மரச் சீலையின் எச்சம் என நிறுவத் தனிநூல் வேண்டும்; அந்நூலுக்கு முன் மானியம் வேண்டும்.

இங்கே ஒரு தடை எழும். மலையகத்தார் கடல் கடந்தது உண்மை. ஆயினும் கயிறு பிடித்து அன்று. 1914 இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே ஓடத் தொடங்கியது நீராவிக் கப்பல். அதில் இழுக்கப் பாய் இல்லை, எனவே பாடத் தேவையும் இல்லை. 1964 இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்பின் அதே நீரிணையைத் திரும்பக் கடந்தபோதும் அவர்கள் பெயர்ப்பட்டியலில் அடங்கிய பயணிகளே. சரக்குக்கு ஏது கடற்பாட்டு எனின், இத்தடை கடலைப் பார்த்ததேயன்றிப் பாரத்தைப் பார்க்கவில்லை. பாய் இருந்தவரை மாலுமி பாடினான்; நீராவி வந்ததும் ஷாண்டி ஓய்ந்தது. கப்பலில் ஓய்ந்த இழுப்பு தோட்டத்தில் ஓயவில்லை. ஆகவே அப்பாட்டின் இன்றைய உரிமையாளர் யார் என்பது வெளிப்படை. மறுப்போர் மறுக்கலாம், லொறி இன்னும் சேற்றில் நிற்பதால், ஒரு கை கொடுத்துவிட்டு மறுக்க.