சக்கையா, சுளையா? எல்லையோர உணவியல் விண்ணப்பம் குறித்து ஒரு முதற்கட்ட ஆய்வு

ஆய்வுச் சுருக்கம்

உணவியலாளர், அதாவது டயட்டீஷியன், ஆக ஆசைப்படும் எல்லையோரத் தமிழ்ப் பெண், பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பம் போடும்போது நிகழ்வது என்ன என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. முதன்மைக் களம், பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகாவின் கொழிஞ்சாம்பாறை. ஒப்பீட்டுக் களம், இடுக்கி மாவட்டம் தேவிகுளம் பக்கத்து எஸ்டேட் லயம் ஒன்று. மாதிரி அளவு: விண்ணப்பதாரர்கள் இருவர், கிழவி ஒருவர், பலாமரம் ஒன்று. ஆய்வாளர் முதல் விண்ணப்பதாரருக்குச் சித்தப்பா, கிழவிக்கு மகன். நடுநிலைமையை எதிர்பார்க்க வேண்டாம்.

முன்னோர் ஆய்வுகள்

வள்ளுவர் ‘மருந்து’ என்று ஓர் அதிகாரம் வைத்து, அதில் மருந்தைவிடச் சாப்பாட்டைப் பற்றியே அதிகம் பேசினார். அவர் யாரிடமும் உயரம், எடை கேட்கவில்லை.

அடுத்த பெரிய முயற்சி நமக்குப் பக்கத்து மலையில் நடந்தது. குன்னூரில் 1918-இல் ராபர்ட் மெக்காரிசன் பெரிபெரி நோயை ஆராய ஒரு சிறு கூடம் தொடங்கினார். பிற்பாடு எலிகளைக் கூண்டுகூண்டாகப் பிரித்து, ஒன்றுக்குச் சீக்கியர் சாப்பாடு, ஒன்றுக்கு வங்காளிச் சாப்பாடு, ஒன்றுக்கு மதராஸிச் சாப்பாடு என்று போட்டு வளர்த்தார். ரொட்டியும் பாலும் தின்ற சீக்கிய எலி மளமளவென்று வளர்ந்தது. அரிசியை நம்பிய மதராஸி எலி, வங்காளி எலியோடு வரிசையின் கடைசியில் நின்றது. அந்தக் கூடம்தான் 1958-இல் ஹைதராபாத்துக்குப் போய், இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக இருக்கிறது. மெக்காரிசன் எலிகளை நிறுத்துப் பார்த்தார், சரி. சாப்பாட்டை அவற்றுக்கு எந்த மொழியில் எடுத்துச் சொன்னார் என்ற கேள்வி மட்டும் ஆய்வுலகில் எழவே இல்லை. இக்கட்டுரை அந்த இடைவெளியை நிரப்புகிறது.

1957-இல் கோயம்புத்தூரில் அவினாசிலிங்கம் மனையியல் கல்லூரி தொடங்கியது. ராஜம்மாள் தேவதாஸ் அதை வளர்த்து, அது நிகர்நிலைப் பல்கலைக்கழகமானபின் துணைவேந்தராகவும் இருந்தார். ‘சோறாக்கக் காலேஜ் எதுக்கு?’ என்று கேட்ட திண்ணைகள் எங்கள் பக்கம் நிறைய இருந்தன. அந்தத் திண்ணைகளின் பேத்திகள்தான் இப்போது விண்ணப்பம் போடுகிறார்கள்.

விண்ணப்பத்தின் உடலியல்

அண்ணன் மகள் விண்ணப்பித்த நிறுவனத்தின் பெயர் வேண்டாம். அது கோவைப் பக்கம், ஒரு பஸ் தூரம். ஆனால் படிவத்தில் ‘மாநிலம்’ என்ற கட்டத்தில் ‘கேரளம்’ என்று அமுக்கிய நொடியில் அந்த ஒரு பஸ் தூரம் வெளிநாட்டுத் தூரமாகிவிட்டது. மாற்றுச் சான்றிதழ், இடப்பெயர்வுச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ். எல்லையான வாளையாற்றுக்கு அந்தப் பக்கம் வி.ஏ.ஓ. என்றால் இந்தப் பக்கம் வில்லேஜ் ஆபீசர்; அங்கே இ-சேவை, இங்கே அக்ஷயா. மலையாளத்தில் வந்த சான்றிதழை ஆங்கிலமாக்க இன்னொரு நடை.

புகைப்படம் 50 கேபிக்குள் இருக்க வேண்டும் என்றது படிவம். மூன்று எம்பி இருந்த படத்தை அக்ஷயா பையன் குறைத்துக் குறைத்து 48-க்குக் கொண்டுவந்தான். மூக்கு மட்டும் மங்கிவிட்டது. எடைக் குறைப்பே இத்துறையின் முதல் பாடம் என்பதும், அளவு மீறினால் முகம் போய்விடும் என்பதும் இதனால் நிறுவப்பட்டன.

தேவிகுளத்துப் பெண்ணின் நிலை இதனினும் கடினம். அவள் தடுக்கிய இடம் சாதிச் சான்றிதழ். பட்டியல் சாதிச் சலுகைக்குக் குடும்பம் 1950-க்கு முன்பே இங்கே இருந்ததாக ஆதாரம் கேட்டார்கள். கொள்ளுப்பாட்டி தேயிலைக் கொழுந்து கிள்ளிய கைதான் ஆதாரம். கைக்கு முத்திரை வைக்க எந்த அலுவலகத்திலும் வழியில்லை. இந்த ஒரு பத்தியில் ஆய்வாளருக்குக் கேலி வரவில்லை. படிப்பவர் மன்னிக்கவும்.

மையக் கண்டுபிடிப்பு

‘இந்தப் படிப்பை ஏன் தேர்ந்தெடுக்கிறீர்கள்? 300 சொற்களில்’ என்றது படிவம். அண்ணன் மகள் ‘சமுதாயத்துக்குச் சேவை’ என்று தொடங்கினாள். அது பொய் என்று ஆய்வாளருக்குத் தெரியும். உண்மைக் காரணம் திண்ணையில் உட்கார்ந்து பலாச்சுளை உரித்துக்கொண்டிருந்தது.

அம்மாவுக்குச் சர்க்கரை. பாலக்காட்டு டாக்டர், “சக்க கழிக்கண்ட, கடல கழிக்காம்” என்று தெளிவாகச் சொல்லி அனுப்பினார். மலையாளத்தில் சக்க என்றால் பலா, கடல என்றால் கொண்டைக்கடலை. தமிழில் சக்கை என்றால் சுளையைச் சுற்றியிருக்கும் நார்க்குப்பை. கடலை என்றால் எங்கள் பக்கம் நிலக்கடலை. அம்மா டாக்டர் பேச்சை அட்சரம் பிசகாமல் நிறைவேற்றினார். சக்கையை மாட்டுக்குப் போட்டார். சுளையைத் தாமே சாப்பிட்டார். மாலையில் ஒரு கை நிறைய வறுத்த கடலை.

அம்மாவுக்கு மலையாளம் தெரியாது என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. பால் கணக்கு, ரேஷன் கடை, பஸ் கண்டக்டரோடு சண்டை எல்லாம் மலையாளத்தில்தான். பலாப்பழம் எதிரே வரும்போது மட்டும் மறந்துபோகும்.

இதே நிகழ்வு இடுக்கிக் களத்திலும் உறுதிப்பட்டது. தேவிகுளத்துப் பெண்ணின் அம்மாவிடம் டாக்டர் “வெள்ளம் குறே குடிக்கணம்” என்றார். தமிழில் வெள்ளம் என்றால் ஊர் முங்கும். மலையாளத்தில் அது வெறும் தண்ணீர்; ‘குறே’ என்றால் நிறைய. அந்த அம்மாவுக்கும் பொருள் தெரியும். ஆனால் கொழுந்துக் காட்டில் பகல் முழுக்க ஒதுங்க இடமில்லாத பெண், தண்ணீரை எப்படிக் குடிப்பாள்? “கட்டன்ல இருக்கிறதும் வெள்ளந்தானே” என்று வீடு வந்தபின் இரண்டு டம்ளர் கட்டன்சாயாவில், அதாவது பால் விடாத டீயில், கணக்கை முடித்துக்கொண்டாள்.

ஆக, கீழ்வரும் விதி பெறப்படுகிறது: எல்லையோர நோயாளி இருமொழியாளர், தனக்கு வசதியான மொழியில் மட்டும் நோயாளி. துணைச் சான்றுகளும் உண்டு. ‘கறி சேர்த்துக்கொள்ளலாம்’ என்றால் மலையாளத்தில் குழம்பு; எங்கள் பக்கம் ஆட்டுக்கறி. மலையாளக் கணக்கில் நான்கு நாழி ஓர் இடங்கழி. தமிழ்க் கணக்கில் எட்டு நாழி ஒரு குறுணி. எந்த நாழி என்று கேட்காமல் சோற்றை அளந்து சொல்லும் டயட்டீஷியனை எல்லை விழுங்கிவிடும்.

இத்தகைய நோயாளியைப் பிடிக்க இரண்டு அகராதியும் தெரிந்த ஆள் வேண்டும். பட்டம், முதுகலை, ஆறு மாத மருத்துவமனைப் பயிற்சி, அதன்பிறகு பதிவுத் தேர்வு என்று நீளும் அந்தப் பாதையில் இந்தப் பாடம் எங்கும் இல்லை. படிவத்தில் ‘அறிந்த மொழிகள்’ என்று ஒரு கட்டம் உண்டு. கைவிரல் அகலம் இருக்கும். அண்ணன் மகளின் முழுத் தகுதியும் அதற்குள் அடங்க வேண்டியதாயிற்று.

களச் சோதனை

விண்ணப்பம் அனுப்பிய அன்று மாலையே அவள் திண்ணைக்கு வந்தாள்.

“அப்பத்தா, சக்கை வேண்டாம்னா சுளையும் வேண்டாம்னு அர்த்தம். கடலைன்னா கொண்டைக்கடலை. வேக வெச்சது.”

“அது மலையாளத்துல கண்ணு.”

“தமிழ்லயும் சொல்றேன். பலாப்பழம் ரெண்டு சுளை. அதுக்கு மேல இல்ல.”

அம்மா சற்று நேரம் யோசித்தார். தப்பிக்க மூன்றாவது மொழி ஏதும் அவருக்குக் கைவசம் இல்லை. பெரிதாக இரண்டு சுளையைத் தேடி எடுத்துக்கொண்டு தட்டைத் தள்ளினார்.

ஆய்வின் வரம்புகள்

மாதிரி அளவு சிறியது. பலாமரம் ஆய்வாளருடையது. இருவரின் விண்ணப்பங்களும் பரிசீலனையில் இருப்பதால் இறுதி முடிவு இப்போதைக்கு இல்லை. அண்ணன் மகளுக்கு இடம் கிடைக்கக் கூடாது என்று இந்த வீட்டில் ஒருவர் மட்டும் குலதெய்வத்துக்கு வேண்டிக்கொண்டிருப்பதாக ஆய்வாளர் சந்தேகிக்கிறார். நேற்று ராத்திரி அவர் கேட்ட கேள்வி பதிவுக்குரியது:

“ஏன்டா, ரிசல்ட்டு எப்ப வருதாம்? பலாச் சீசன் முடியறதுக்கு முன்னாலயா, பின்னாலயா?”