தேர்ந்த ஆங்கிலம், தேறாத காது

ஆங்கிலம் கற்போரில் உயர்நிலையை எட்டியவரை அடையாளம் காண்பது எளிது. நாளிதழின் தலையங்கத்தை அகராதி இல்லாமல் படிப்பார். விடுப்புக் கடிதத்திலும் அரைப்புள்ளி வைப்பார். பிறர் எழுதிய மின்னஞ்சலில் பிழை கண்டுபிடித்து வருத்தப்படுவார். விமானத்தில் பணிப்பெண் குனிந்து, கோழியா பாஸ்தாவா என்று கேட்டால் “யெஸ்” என்பார். இந்த நான்காவது அடையாளத்தைப் போக்குவதே உயர்நிலைக் கேட்டல் பயிற்சியின் நோக்கம்.

சொல்வளக் குறைவு இதற்குக் காரணமன்று. கோழியும் பாஸ்தாவும் அவர் அறிந்தவையே. அவை காதுக்கு வந்து சேர்ந்த கோலம்தான் புதிது. அச்சில் சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவே இடம் விடுவார்கள். பேச்சில் அந்த வசதி கிடையாது. ‘ஃபிஷ் அண்ட் சிப்ஸ்’ ஒரே மூச்சில் ‘ஃபிஷன்சிப்ஸ்’ ஆகும். ‘டிட் யூ’ என்பது ‘டிஜூ’ ஆகும். ‘ஹேண்ட்பேக்’கின் நடுவிலிருக்கும் டகரம் தொலைந்து ‘ஹேம்பேக்’ மிஞ்சும்.

தமிழ் இலக்கணம் குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு என்று பாரபட்சமில்லாமல் அளந்து கொடுத்திருக்கிறது. ஆங்கிலப் பேச்சில் அழுத்தம் பெற்ற அசைக்கே ராஜ மரியாதை. மற்றவை கிடைத்த இடத்தில் ஒண்டிக்கொள்ள வேண்டும். ‘டு’, ‘ஆஃப்’, ‘ஃபார்’, ‘கேன்’ போன்ற சிறு சொற்கள் தேய்ந்து, நம் குற்றியலுகரத்தின் அரை மாத்திரைக்கு இறங்கிவிடும். குற்றியலுகரத்தையாவது ஆறு வகையாகப் பிரித்துச் சூத்திரம் எழுதி வைத்தார்கள். ஆங்கிலத்தில் எழுத்தில் ஐந்தாக நிற்கும் உயிர்கள், அழுத்தம் இல்லாத இடத்தில் அத்தனையும் ஒரே முனகலில் போய் முடியலாம்.

இதனால் வரும் ஆபத்துக்கு அமெரிக்கரின் ‘கேன்’, ‘கேன்ட்’ இரண்டும் சான்று. முடியாது என்பதைக் குறிக்கும் சொல்லின் கடைசி டகரத்தை அவர் பெரும்பாலும் வாய்விட்டுச் சொல்வதில்லை. முடியும் என்றால் உயிரை விழுங்கி ‘க்ன்’ என்பார்; முடியாது என்றால் ‘கேன்’ என்று திருத்தமாக அழுத்துவார். புத்தகத்தில் படித்தவரின் காது அந்தத் திருத்தமான ‘கேன்’ வந்ததும் மகிழ்ச்சியோடு “தேங்க் யூ” என்கிறது.

இங்கே ஒரு நீதியும் உண்டு. ‘ஷுட் ஹேவ்’ பேச்சில் ‘ஷுடவ்’ என்று தேய்வதால், ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களே அதை ‘ஷுட் ஆஃப்’ என்று எழுதி ஆசிரியர்களிடம் திட்டு வாங்குகிறார்கள். அவர்களுக்கு மொழி காது வழியே வந்தது, எழுத்து தடுமாறுகிறது. படித்துக் கற்றவருக்குக் கண் வழியே வந்தது, காது தடுமாறுகிறது.

சொற்களைத் தின்பது ஆங்கிலேயரின் தனிக் குணம் என்று தமிழர் குறைப்பட இடமில்லை. ‘வந்துகொண்டிருக்கிறேன்’ என்று படித்துவிட்டு இறங்கும் வெளிநாட்டவரிடம் ‘வந்துட்ருக்கேன்’ என்றுதான் எல்லாரும் சொல்கிறார்கள். சொல்பவர் பல சமயம் வீட்டை விட்டே கிளம்பியிருக்க மாட்டார் என்பது அடுத்த பாடம்.

கேட்டல் கற்பித்தலைப் பற்றி எழுதிய ரிச்சர்ட் கால்டுவெல், பேச்சை மூன்றாகப் பிரிக்கிறார். (திராவிட மொழிகளுக்கு ஒப்பிலக்கணம் எழுதிய கால்டுவெல் வேறு.) தனித்தனித் தொட்டியில் வைத்ததுபோல் ஒவ்வொரு சொல்லும் முழுதாக ஒலிப்பது கண்ணாடிக்குடில். சொற்கள் விதிப்படி இணைந்து வருவது தோட்டம். ஆட்கள் அவசரத்தில் நிஜமாகப் பேசுவது காடு. வகுப்பில் குடிலையும் தோட்டத்தையும் சுற்றிக் காட்டுகிறார்கள். விமானம் இறங்குவது காட்டில்.

ஆகவே எதைக் கேட்பது என்பது முதல் கேள்வி. பிபிசி 1943 முதல் வானொலியில் ஆங்கிலம் கற்பித்து வந்திருக்கிறது. வாய்ஸ் ஆஃப் அமெரிக்கா 1959-இல் ‘ஸ்பெஷல் இங்கிலிஷ்’ ஒலிபரப்பைத் தொடங்கியது. சுமார் 1,500 சொற்கள், வழக்கமான செய்தியைவிட மூன்றில் ஒரு பங்கு குறைந்த வேகம். தொடக்க நிலைக்கு அது வரம். உயர்நிலை மாணவர் அதைக் கேட்டால் எல்லாம் புரிகிறது, தன்னம்பிக்கை பெருகுகிறது, காது இருந்த இடத்திலேயே இருக்கிறது. எழுதி வைத்து வாசிக்கும் செய்தியறிக்கையும் ஏறக்குறைய அப்படித்தான். ஆங்கில வசனம் கீழே ஓடும் திரைப்படம் பார்ப்பது நல்ல வாசிப்புப் பயிற்சி. பின்னணியில் சிலர் பேசிக்கொண்டிருப்பார்கள்.

விஷயம் முன்பே தெரிந்திருந்தால் காதுக்குப் பாதி வேலை மிச்சம் என்பதால் கிரிக்கெட் வர்ணனை நல்ல பாலம். பிபிசியின் ‘டெஸ்ட் மேட்ச் ஸ்பெஷல்’ 1957 முதல் ஒலிக்கிறது. ஆட்டம் நடக்கும்வரை அது இடைநிலைப் பாடம். மழை வந்து ஆட்டம் நின்று, நேயர் அனுப்பிய கேக்கைப் பற்றி வர்ணனையாளர்கள் பேசத் தொடங்கினால் உயர்நிலைப் பாடம்.

எப்படிக் கேட்பது என்பது அடுத்தது. மணிக்கணக்கில் ஓடவிட்டுச் சமையல் செய்தால் சமையல் முடியும். பயனுள்ள முறை சிறிய அளவில் நடப்பது: அரை நிமிட உரையாடலை எடுத்து, எழுத்து வடிவத்தைப் பார்க்காமல் கேட்டு, காதில் விழுந்ததை அப்படியே எழுதி, பிறகு ஒப்பிட வேண்டும். எந்த இடத்தில் என்ன நழுவியது என்று தெரிந்தபின் அந்த இடத்தை மட்டும் திரும்பத் திரும்பக் கேட்க வேண்டும். நழுவியவை பெரும்பாலும் மூன்றாம் வகுப்புச் சொற்களாகவே இருக்கும். ஆங்கிலத்தில் முதுகலை பெற்றவர்கள் இதைத் தனியறையில் செய்வது நலம்.

வேகத்தை முக்கால் அளவுக்குக் குறைப்பது ஓரளவே உதவும். விழுங்கிய எழுத்தை எவ்வளவு மெதுவாக ஓட்டினாலும் அது பேசியவரின் தொண்டைக்குள்ளேயே இருக்கும். பேசுபவரைத் தொட்டாற்போல் பின்தொடர்ந்து, அவர் சொல்வதைக் கூடவே முணுமுணுக்கும் நிழல் முறை இதைவிட மேல். வாய் விழுங்கப் பழகினால், விழுங்கியதைக் காது கண்டுபிடிக்கும். இதைப் பேருந்தில் காதொலிக்கருவியோடு செய்தால் பக்கத்து இருக்கையும் காலியாகக் கிடைக்கும்.

தேர்வு எழுதுவோருக்குத் தனிக் கவலைகள் உண்டு. 1989-இல் தொடங்கிய ஐயெல்ட்ஸ் தேர்வின் கேட்டல் பகுதியில் நான்கு பிரிவுகள், 40 கேள்விகள், ஏறக்குறைய 30 நிமிடங்கள். ஒலிப்பதிவு ஒரே முறை ஓடும். அதில் வரும் மனிதர்கள் எதையும் ஒரே தடவையில் சரியாகச் சொல்ல மாட்டார்கள். பத்து மணி என்பார்கள். மாணவர் எழுதி முடித்ததும், இல்லை இல்லை, ஒன்பதரை என்பார்கள். பதினைந்தா ஐம்பதா என்பது அழுத்தத்தில் தொங்கும். தெருப்பெயரை எழுத்துக்கூட்டிச் சொல்லும்போது ‘ஏ’யும் ‘ஈ’யும் இடம் மாறினால் மதிப்பெண் போகும்.

கேம்பிரிட்ஜின் சி2 தேர்வு இரக்கமுள்ளது. 30 கேள்விகள், ஒவ்வொரு பதிவும் இரண்டு முறை ஒலிக்கும். இத்தேர்வு 1913-இல் முதன்முதலாக நடந்தபோது எழுதியவர்கள் மூன்று பேர். மூவரும் தேறவில்லை. தோற்றவர்களுக்கு இதைவிடப் பழமையான துணை கிடைக்காது.

தேர்வறையில் இல்லாத ஒரு சலுகை வாழ்க்கையில் உண்டு: திருப்பிக் கேட்கலாம். ஆங்கிலத்தில் பிறந்து வளர்ந்தவர்கள் நாள் முழுவதும் ஒருவரையொருவர் “ஸாரி?” என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். உயர்நிலை மாணவர்தான் கேட்க மாட்டார். கேட்டால் நிலை இறங்கிவிடும் என்ற பயம். அதற்குப் பதில் புன்னகைத்துத் தலையாட்டி, எதற்கு ஒப்புக்கொண்டோம் என்பதை மறுநாள் தெரிந்துகொள்வார். “என்ன?” என்று மொட்டையாகக் கேட்டால் முழு வாக்கியமும் அதே வேகத்தில் திரும்பி வரும். புரிந்த பகுதியைச் சொல்லி, கூட்டம் வியாழக்கிழமை, எத்தனை மணிக்கு என்றீர்கள் என்று விடுபட்டதை மட்டும் கேட்டால், அந்த ஒரு துண்டு அழுத்தம் திருத்தமாகக் கிடைக்கும். அப்படியும் பிடிபடாவிட்டால் மின்னஞ்சலில் அனுப்பச் சொல்லலாம். படிப்பதில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை.