வெண்மை கொண்டான் மெய்க்கீர்த்தி

ஸ்வஸ்திஸ்ரீ! சயான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு என்னும் நான்கு மைகளையும் ஒரு குடைக்கீழ் ஆளும் அச்சுக்கூடச் சக்கரவர்த்தியே! அடியேன் வரைந்த மகாமகக் குளத்து விடியலைக் காலண்டராக்கி அருளிய தேவரீரின் திருக்கரத்துக்கு இந்தச் சிறு மாலை.

வெள்ளைச் சாயத்தைத் தொடாமல், தாளையே வெள்ளையாக விட்டுவைப்பது நீர்வண்ணக்காரர்களின் பழைய கஞ்சத்தனம். அடியேனும் குளத்தில் விழுந்த வெளிச்சத்துக்காகக் கையகலத் தாளைத் தீட்டாமல் விட்டிருந்தேன். அந்தக் குறையை எவ்வளவு கருணையோடு தீர்த்துவைத்தீர்! ஸ்கேனர் இருந்தும் அதன் உறக்கத்தைக் கலைக்காமல், டியூப்லைட்டுக்குக் கீழே செல்போனால் படமெடுத்தீர். வெறுந்தாள் பாசி பூத்தது. குளம் என்றால் பாசி வேண்டாமா? தேவரீரின் தோள்நிழலும் ஓரத்தில் விழுந்து படத்துக்கு அரச முத்திரை வைத்தது.

15 அங்குல அகலத்துக்கு, அங்குலத்துக்கு 300 என்றால் 4500 பிக்சல் வேண்டுமென்று கணக்குப் பார்ப்பது சிறுமதியாளர் வேலை. வாட்ஸ்அப்பில் வந்து சேர்ந்த 1600 பிக்சலையே இழுத்து நீட்டி, அதற்கு 300 டிபிஐ என்று பட்டமும் சூட்டினீர். பட்டம் வழங்குவதுதானே வேந்தர் லட்சணம்!

பிறகு ஆட்டோ காண்ட்ராஸ்ட். ஒரே சொடுக்கு! அடிவானத்தில் மூன்று முறை பூசி, மூன்று முறை காயவைத்த இளமஞ்சள் வாஷ் இருந்த இடம் தெரியாமல் முக்தி அடைந்தது. சாச்சுரேஷனை ஏற்றியதும், இண்டிகோவும் பர்ன்ட் சியன்னாவும் குழைத்துப் பூசிய படித்துறைச் சாம்பல் கல்யாணப் பந்தலானது.

நீலத்தைப் பற்றி என்ன சொல்வேன்! ஆர்ஜிபி படத்தை சிஎம்ஒய்கேயாக மாற்றினால் நீலம் ஊதாவாகச் சாயும். சயானைவிட மெஜந்தாவை 30 சதவீதமாவது குறைத்து வை என்று சொல்லித் திரியும் பயந்தாங்கொள்ளிகள் அச்சுத் தொழிலில் உண்டு. தேவரீரோ இரண்டையும் சரிசமமாக நடத்தினீர். அந்தச் சமதர்ம ஆட்சியில் அடியேனின் அல்ட்ராமரைன் வானம் கத்தரிக்காயாகக் கனிந்தது. விடியலைக் கொடுத்தவனுக்கு அந்தியைத் திருப்பித் தந்தீர். அதற்கென்று ஒரு காசுகூட அதிகம் கேட்கவில்லை.

புரூஃப் காட்டாத பெருந்தன்மையையும் மறக்கலாகாது. காட்டியிருந்தால் இந்தப் பேதை ஏதாவது திருத்தம் சொல்லி, 2000 பிரதிகள் பிறக்கும் நல்ல நேரத்தைக் கெடுத்திருப்பேன்.

மகாமகக் குளத்தைச் சுற்றி 16 மண்டபங்கள். கோவிந்த தீட்சிதரால் முடிந்தது அவ்வளவுதான். மெஜந்தா பிளேட்டை ஒரு மயிரிழை நகர்த்தி, ஒவ்வொரு மண்டபத்துக்கும் பக்கத்திலேயே ஒரு சிவந்த இரட்டையை எழுப்பி, 32 ஆக்கிய திருப்பணி தேவரீருடையது. கல் வேண்டியிருக்கவில்லை, சிற்பிகளுக்குக் கூலி வேண்டியிருக்கவில்லை. ஒரே பகலில் முடிந்தது.

அசல் ஓவியம் நேற்றுத் திரும்பி வந்தது. அதன் வலது மூலையில் டீ கிளாஸின் அடிவட்டம் ஒன்று. படமெடுப்பதற்கு முன்பே இட்டருளியது போலும், காலண்டரிலும் இருக்கிறது. ஜன்னல் வெளிச்சத்தில் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அந்த வட்டம் மட்டும் நிறம் இம்மியும் பிசகாமல், அசலில் உள்ளபடியே அச்சாகியிருக்கிறது.