மோட்டார் சண்டை

கேள்வி: மாடியில் வாடகைக்கு இருக்கிறோம். மோட்டார் போடுவதில் கீழே இருக்கும் ஹவுஸ் ஓனர் அம்மாவோடு தினமும் சண்டை. சுமுகமாக இருக்க வழி உண்டா? – வாசகி, விளாங்குடி

பதில்: நிச்சயம் உண்டு. இரண்டு பேரும் உட்கார்ந்து பேசி, மோட்டார் போடும் நேரத்தை சுவிட்ச் பக்கத்திலேயே எழுதி ஒட்டுங்கள். தொட்டி நிறையும், சண்டை வற்றும். அவர் கேட்குமுன் வாடகையைக் கொடுத்து ரசீது வாங்குங்கள். அட்வான்ஸ், கரண்ட் பில், வெள்ளையடிக்கும் செலவு எல்லாம் ஒப்பந்தத்தில் இருக்கட்டும். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழக வாடகைச் சட்டப்படி, கோபம் வந்தாலும் தண்ணீரை நிறுத்தக் கூடாது. காலி செய்த ஒரு மாதத்துக்குள், கழிக்க வேண்டியது போக அட்வான்ஸைத் தந்துவிட வேண்டும். இந்தச் சட்டத்தை சண்டை நேரத்தில் வீசாதீர்கள், தாயே. ஒப்பந்தம் போடும்போதே இருவரும் சேர்ந்து படியுங்கள்.