கொள்ளையர் தலைவனுக்கு ரசிகர் கூட்டம்

கேள்வி: ஸ்பைடர் காமிக்ஸை முதன்முதலாகப் புரட்டுபவருக்கு, கதாநாயகனே கொள்ளைக்காரனாக இருப்பது விசித்திரமாகத் தோன்றாதா? (வாசகர், சேவூர்)

பதில்: தோன்றும். 1965-இல் பிரிட்டனின் 'லயன்' வார இதழில் டெட் கோவன் எழுத, ரெக் பன் வரையத் தொடங்கி, பின்னர் சூப்பர்மேனைப் படைத்த இருவருள் ஒருவரான ஜெர்ரி சீகலின் கைக்கு மாறி, சிவகாசியில் 1984-இல் தொடங்கப்பட்ட லயன் காமிக்ஸ் வழியே தமிழ் வாசகரிடம் புகழ்பெற்ற இக்கூர்க்காதுப் பேர்வழி, அறம் தவறி நடந்தும் வாசகரின் பரிவைப் பெறும் 'எதிர்நாயகன்' என்னும் வகையைச் சேர்ந்தவன். பனியன் கம்பெனி தொடங்குபவர் முதலில் நல்ல கட்டிங் மாஸ்டரைத் தேடுவதுபோல், குற்றச் சாம்ராஜ்யம் நிறுவ விரும்பிய அவன், பூட்டுடைப்பதில் வல்ல ஆர்டினியையும் விஞ்ஞானி பெல்ஹாமையும் சேர்த்துக்கொண்டான். ஆயினும் அணி என்பது பெயரளவில்தான், ஏனெனில் அவ்விருவரும் வியப்பதற்கும் திட்டு வாங்குவதற்குமே பெரிதும் பயன்பட, ஸ்பைடரோ தன்னைப் புகழும் பணியைக்கூடப் பிறரிடம் ஒப்படைப்பதில்லை. பின்னாளில் அவன் பிற குற்றவாளிகளை ஒடுக்கப் புறப்பட்டதை மனமாற்றம் என்பதைவிடத் தொழிற்போட்டி என்பதே பொருந்தும். சீகலின் கதைகளுக்குள் நுழையும் புதியவர் தர்க்க அறிவைப் பெட்டியில் பூட்டிவிட்டு வருவது நலம், ஆர்டினி அருகில் இல்லாத வேளையில்.