செஞ்சவன் எங்க தாயி?

வா தாயி, உக்காரு. உன் ஆராய்ச்சி நோட்டை ராத்திரி கண்ணாடி போட்டுக்கிட்டு முழுசும் பார்த்துட்டேன். அடேயப்பா, எத்தனை கட்டம், எத்தனை சதவீதம்! அமெரிக்க ஜனாதிபதி ரீகன் பேச்சுல செய்யிற வினை இத்தனை, நினைக்கிற வினை இத்தனை, சொல்லுற வினை இத்தனைன்னு எண்ணி அடுக்கியிருக்க. பருத்தி மார்க்கெட்ல எடை போடுறவன்கூட இவ்வளவு சுத்தமா கணக்கெழுத மாட்டான். கடைசியில கண்டுபிடிச்சது என்ன? ‘ஜனாதிபதி செயல் வினைகளை அதிகம் கையாள்கிறார்.’ ஏத்தா, அதைச் செய்வேன் இதைச் செய்வேன்னு சொல்லாம ஆட்சி நடத்த முடியுமா? இதுக்கு யுனிவர்சிட்டி எதுக்கு, டீக்கடை பெஞ்சு போதாதா?

இப்படி வினையை வகை பிரிக்கிற வித்தையைக் குடுத்த ஹாலிடே மேல எனக்கு வருத்தம் ஏதுமில்ல. சீன மொழியில ஆரம்பிச்சு, சிட்னியில போய் மொழியியல் துறையை உண்டாக்கி, 1985ல இலக்கணப் புத்தகம் போட்ட மனுசன். எங்க வாத்தியார் எழுவாய், பயனிலைன்னு சொல்லிப் பிரம்பால முடிச்சுவச்சதை, இவரு பிரிச்சுப் பார்த்தாரு. காரியத்தைச் செஞ்சவன் ஒருத்தன். வாக்கியத்துக்கு எழுவாயா நிக்கிறவன் ஒருத்தன். பேச்சு எதை முன்னால வச்சுத் தொடங்குதோ அது ஒண்ணு. சாதாரண ஆளு வாயில இந்த மூணும் பெரும்பாலும் ஒண்ணாத்தான் வரும். தலைவன் வாயில விழுந்தா மூணும் மூணு திக்குல ஓடும். அதைத் துரத்திப் பிடிக்கத்தான் அவரு உனக்குக் கம்பு குடுத்தாரு. நீ அந்தக் கம்பை வச்சு வேலியை அளந்துட்டு வந்திருக்க.

நான் சொல்றதைக் கேளு. எல்லா வினையையும் எண்ணாத. ஒரே ஒரு காரியத்தைப் பிடி. லெபனான்ல பிணையா மாட்டிக்கிட்ட அமெரிக்கர்களை மீட்க ஈரானுக்கு ஆயுதம் வித்தாங்களே, அந்த ஒரு காரியம் போதும். அதுக்கு யாரு செஞ்சவனா நிக்கிறான்னு மட்டும் பார்த்துக்கிட்டே வா.

1986 நவம்பர்ல ரீகன் டிவியில என்ன சொன்னாரு? நாங்க ஆயுதத்துக்குப் பிணையாளிகளை மாத்திக்கல, மறுபடி சொல்றேன், மாத்திக்கலன்னாரு. இல்லைன்னு சொல்லுறப்ப செய்யிற ஆளு தெளிவா முன்னால நிக்கிறான், பார்த்தியா? செய்யாத காரியத்துக்குச் சொந்தம் கொண்டாட யாருக்கும் பயமில்ல.

அடுத்து 1987 ஜனவரி 27, நாடாளுமன்றத்துல. இது அல்வாத் துண்டு தாயி, பல்லுல வச்சு மெதுவா கரை. ஈரான் விசயத்துல நான் ஒரு துணிச்சல் எடுத்தேன், பலிக்கல, முழுப் பொறுப்பும் எனக்குன்னாரு. சரி. அதே பேச்சுல இன்னொரு இடத்துல, பெரிய தப்புகள் செய்யப்பட்டனன்னாரு. துணிச்சல்னா நான். தப்புன்னா அது பாட்டுக்குச் செய்யப்பட்டுது! உன் கட்டத்துல ரெண்டும் செய்யிற வினைதான், ரெண்டுக்கும் ஒரே டிக். போச்சா?

இந்த ஆயுத விவகாரத்தை விசாரிச்ச டவர் கமிஷன் அறிக்கை வந்த பிறகு, மார்ச் 4ஆம் தேதி மறுபடி டிவிக்கு வந்தாரு. மக்கள்கிட்ட ஆயுதத்துக்குப் பிணையாளிகளை மாத்திக்கலன்னு சொன்னேன். என் நெஞ்சும் நல்லெண்ணமும் இன்னமும் அது உண்மைன்னு என்கிட்டச் சொல்லுது. ஆனா நடப்பும் ஆதாரமும் அப்படி இல்லன்னு சொல்லுதுன்னாரு. யாரு பேசுறது? நெஞ்சு பேசுது, ஆதாரம் பேசுது. மனுசன் நடுவுல நின்னு காதைக் குடுத்துக் கேட்டுக்கிட்டிருக்காரு! செஞ்சவனைக் கேள்விப்பட்டவனா ஆக்கிட்டாரு தாயி. நாட்டு ஜனமும் டிவி முன்னால கேட்டுக்கிட்டிருக்கு, அவரும் கேட்டுக்கிட்டிருக்காரு, அப்புறம் யாரு யாரைத் திட்டுறது? பாவம், அவருக்கும் இப்பத்தான் சேதி தெரிஞ்சிருக்கு.

அதோட விட்டாரா? ராஜதந்திர முயற்சியா தொடங்குனது, நிறைவேற்றத்துல ஆயுதப் பண்டமாற்றா சீரழிஞ்சுபோச்சுன்னாரு. ஊசிப்போன சாம்பார் மாதிரி தானா கெட்டுடுச்சாம்! நிறைவேத்துனவனைக் காணோம், நிறைவேற்றம் மட்டும் இருக்கு. வினையைப் பேராக்கிட்டா ஆளைக் கழட்டிவிடலாம்னு ஹாலிடே பாடம் எடுத்தாரே, அது இதுதான். இருந்தாலும் நியாயத்தைச் சொல்லணும்: பதில் சொல்ல வேண்டியவன் நானேன்னும் அவரே அதே மூச்சுல சொன்னாரு. பொறுப்புக்கு ‘நான் இருக்கேன்’. செஞ்சதுக்கு மட்டும் ‘நான்’ இல்ல.

உடனே செஞ்சவனைக் காணாத வாக்கியத்தை எல்லாம் திருட்டு வாக்கியம்னு முத்திரை குத்திராத. அந்த அவசரம் உன் வயசுக்கு வரும். லிங்கன் 1865ல, அதுவும் ஒரு மார்ச் 4தான், அமெரிக்க உள்நாட்டுப் போர் முடியப்போற நேரத்துல, ரெண்டாவது பதவியேற்புல பேசுனாரு. ஒரு பக்கம் போரைத் தொடுக்கத் துணிஞ்சுது, மறுபக்கம் போரை ஏத்துக்கத் துணிஞ்சுதுன்னு சொல்லிட்டு, போர் வந்ததுன்னு முடிச்சாரு. தனியா வெட்டி எடுத்தா அதுலயும் ஆளு இல்ல. ஆனா முந்தின தொடர்லயே ரெண்டு பேரையும் நிறுத்திட்டாரே! ஜெயிக்கப் போற பக்கத்துத் தலைவர், எதிரி மேல விரலை நீட்டாம வாக்கியத்தை முடிச்ச பெருந்தன்மைன்னுதான் நான் சொல்லுவேன். உன் அட்டவணைக்கு அந்தப் பெருந்தன்மையும் தெரியாது, இந்தத் தந்திரமும் தெரியாது.

அதனால மூணாம் அத்தியாயத்துல இருக்கிற அந்தப் பதினெட்டுக் கட்டத்தையும் கிழிச்சுப் போடு. கெய்டு கேட்டா, ‘அட்டவணைகள் நீக்கப்பட்டன ஐயா’ன்னு பணிவா சொல்லு. யாரு நீக்குனதுன்னு திருப்பிக் கேட்டாருன்னா, பரவாயில்ல, அவருக்குக் கொஞ்சம் இலக்கணம் தெரியுது. தலையை ஆட்டிட்டுப் போயிட்டாருன்னா, தாயி, அடுத்த எலெக்‌ஷன்ல நீயே நில்லு.